கிழக்குக் கரையில் பிற்பகல்: மூன்று மணிக்கு முன் மணலில் இறங்காதீர்கள்

தரங்கம்பாடிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு ஒன்றுதான். பன்னிரண்டு மணிக்குக் கோட்டை முன்னால் இறங்கி, நேராகக் கடலுக்கு நடந்து, பத்து நிமிடத்தில் காலைச் சுட்டுக்கொண்டு, அரை மணியில் தலை வலிக்கிறது என்று திரும்பிவிடுவார்கள். "கடல்னா காத்து வரும்னு பார்த்தா அனல்ல அடிக்குது" என்ற அலுப்பு வேறு. மூன்று மணி நேரம் பொறுத்திருந்தால் அதே இடத்தில், அதே நாளில், வேறொரு கடல் கிடைத்திருக்கும்.

நெய்தல் நிலத்துக்குப் பழைய இலக்கணம் ஒதுக்கிய சிறுபொழுது எற்பாடு. நண்பகலுக்கும் மாலைக்கும் நடுவில் உள்ளது. இன்றைய கணக்கில் 2 மணி முதல் 6 மணி வரை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி மறந்துபோன அந்த வரிக்கு, சோழமண்டலக் கரையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் அர்த்தம் பிடிபடும். இங்கே கடல் கிழக்கே இருக்கிறது. பொழுது சாயச் சாய வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். மரத்து நிழல் கடலைப் பார்த்து நீளும். காற்றோ எதிரே கடலிலிருந்து வரும். மேற்குக் கரையில், கேரளத்துக் கோவளத்திலோ கோவாவிலோ, வெயிலும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வரும். வெயிலை மறைத்தால் காற்றும் நின்றுபோகும். சூரியன் கடலில் விழுவதை அங்கே பார்க்கலாம்தான். அதற்காக இரண்டு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சும்மா சாய்ந்து கிடப்பதற்கென்றால் கிழக்குக் கரைக்கு ஈடில்லை.

நிழல் கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம், ஏனென்றால் எங்கே பாய் விரிப்பது என்பதே இதை வைத்துத்தான். தரங்கம்பாடி ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சித்திரை மாதத் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது 12 மணி 10 நிமிடத்துக்கு நட்டு வைத்த கம்புக்கு நிழலே இராது. 3 மணி 10 நிமிடத்துக்கு நிழலும் கம்பும் ஒரே நீளம். 4 மணி 10 நிமிடத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். 5 மணி 10 நிமிடத்துக்கு மூன்று மடங்குக்கு மேல். பத்து மீட்டர் சவுக்கு மரம் மூன்று மணிக்குப் பத்து மீட்டர் தூரம் மணலை மூடும். ஆக, மூன்று மணிக்கு மரத்தடியில் பாய் விரித்தவர், நாலு மணிக்குப் பத்தடி கடல் பக்கம் தள்ளி விரித்துக்கொள்ளலாம். நிழல் கூடவே வரும். தை, மாசியில் சூரியன் தென்மேற்கில் சாய்வதால் நிழல் வடகிழக்காக, கோணலாக விழும். அப்போது மரத்துக்கு நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் வடக்கே தள்ளி உட்கார வேண்டும். இதைக் கவனிக்காமல் நேரே விரிப்பவர்கள், அரை மணிக்கொருதரம் எழுந்து பாயை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த மரம் என்பதும் உண்டு. புன்னையும் பூவரசும் கிடைத்தால் அதுதான் ராஜ நிழல், அடர்த்தி, குளிர்ச்சி. சவுக்கு நிழல் சல்லடை மாதிரி, ஆனால் கீழே விழுந்த சருகு மெத்தையாக இருக்கும், மணல் ஒட்டாது. உட்காருமுன் எறும்புப் புற்று இருக்கிறதா என்று காலால் சருகைக் கிளறிப் பாருங்கள். பனை நிழல் பேருக்குத்தான். தென்னை படம் பிடிக்க அழகு. அதன் நேர் அடியில் படுப்பது மட்டும் வேண்டாம். காற்று எழுகிற நேரத்தில்தான் காய்ந்த மட்டையும் நெற்றும் விழும். குலைக்கு நேர் கீழே இல்லாமல், மரம் போடும் நிழலின் நுனியில் படுத்தால் போதும்.

இனி காற்று. வெயிலில் தரை சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாக ஏறும். தரைமேல் இருக்கிற காற்று லேசாகி மேலே போக, கடல் பக்கத்துக் காற்று அந்த இடத்துக்கு உள்ளே வரும். தை முதல் பங்குனி வரை இது நண்பகலை ஒட்டியே தொடங்கிவிடும். ஆனியிலும் ஆடியிலும் நிலைமை வேறு. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, மீனவர்கள் கச்சான் என்பது, கடற்காற்றை வெளியே நிறுத்தி வைத்துவிடும். அந்த மாதங்களில் இரண்டு மணி, மூன்று மணி ஆகும். சில நாள் வரவே வராது. அன்றைக்குக் கடலோரம் மயிலாடுதுறைக் கடைத்தெருவைவிடச் சூடாக இருக்கும். வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி காய்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் போனால் இன்னும் தரைக்காற்றுதான், மரத்தடியிலேயே இருங்கள். உங்கள் கால் பக்கம் வந்தால் கடற்காற்று இறங்கிவிட்டது. இறங்குகிற அந்தக் கால் மணி நேரத்தில் வெப்பம் சட்டென்று குறைவதை உடம்பே சொல்லும். வேர்வை காயும், சட்டை முதுகை விட்டு விலகும்.

அதுவரைக்கும் என்ன செய்வது? ஊரைப் பார்க்கலாம். மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், காரைக்காலிலிருந்து அரை மணி நேரம். பிரதான சாலையில் இறங்கி, 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் நேரே கடல். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் கனத்த சுவர்கள் நடுப்பகலைக் கழிக்க நல்ல இடம். 1706-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கியது இந்த ஊரில்தான். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இதே ராஜ வீதியில் இருக்கிறது. கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "ஓசோன் நிறைந்த கடற்கரை" என்று தரங்கம்பாடியைப் பற்றிச் சுற்றுலாக் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே இருக்கின்றன. ஓசோன் மேலே, வானத்தில் இருந்தால்தான் நமக்கு நல்லது. மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் அது நுரையீரலை உறுத்துகிற மாசு. கடல் வாசனை என்று நாம் இழுத்து மூச்சு விடுவது பெரும்பாலும் டைமெத்தில் சல்ஃபைடு. கடலில் மிதக்கிற நுண்பாசிகளின் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது வருவது. கேட்க அவ்வளவு கவர்ச்சியாக இல்லை, அவ்வளவுதான். வாசனை அதே வாசனைதான்.

கோட்டை முன்னால் எப்போதும் ஆள் இருக்கும், பாறைகளும் உண்டு. அமைதி வேண்டுமென்றால் கரையோடு பதினைந்து நிமிடமாவது நடக்க வேண்டும். சனி, ஞாயிறும் காணும் பொங்கலும் வேண்டாம். நடக்கும்போது செருப்பைக் கழற்றாதீர்கள். காய்ந்த மணல் நண்பகலில் ஐம்பது பாகைக்கு மேல் போகும். அலை நனைத்த மணல் குளிர்ந்திருக்கும், ஆனால் அந்த ஈர மணலை எட்டுவதற்குள் பாதம் கொப்பளித்துவிடும். இன்னொரு காரணம் ராவணன் மீசை. மணல்மேட்டில் ஊசி ஊசியாக, பந்து போலப் படர்ந்திருக்கும் புல். அதன் காய்ந்த கதிர் காற்றில் உருண்டு எங்கெங்கோ கிடக்கும். அடப்பங்கொடி படர்ந்த இடம் பச்சையாக, மெத்தென்று தெரியும். அதன்மேல் பாய் விரிக்க ஆசை வரும். வேண்டாம். கொடி நசுங்கினால் மணல்மேடு கலைகிறது; அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான்.

செருப்பைக் கழற்றாமல் இருக்க மூன்றாவது காரணம் மீனவர் குப்பத்தை ஒட்டிய கரைகளில் இருக்கிறது. வலையில் சிக்கி உதறிப்போட்ட கெளுத்தி. செத்துக் காய்ந்த பிறகும் அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் அப்படியே நிற்கும், மணலில் பாதி புதைந்திருக்கும். குத்தினால் வலி முழங்கால் வரை ஏறும். குத்திய இடத்தைக் கழுவி, முள் உடைந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்து, தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 பாகையைத் தாண்டாத வெந்நீரில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். சூடு வலியை நன்றாகக் குறைக்கும். சூட்டை நல்ல காலால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு மருத்துவரிடம் போய் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியையும் கேட்க வேண்டும். திருக்கை முள்ளுக்கும் இதே வெந்நீர்தான். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடந்தால் திருக்கை தானே விலகிப் போய்விடும்.

குப்பத்து மணல் யாருடைய வேலையிடம் என்பதை மறக்கக்கூடாது. விரித்த வலைமேல் நடப்பது, படகில் சாய்ந்து படம் எடுப்பது, கருவாடு காய்கிற இடத்தைத் தாண்டிக் குதிப்பது எல்லாம் அவர்களுக்குச் சங்கடம், சொல்லமாட்டார்கள். கரைக்கு வருகிற ஃபைபர் படகின் நேர் எதிரே உட்காராதீர்கள். அது அலையோடு ஏறி நிற்க நீளமான ஓட்டம் வேண்டும். பிற்பகலில் கொட்டகையில் வலை தைத்துக்கொண்டிருக்கிற பெரியவர் யாரையாவது, "அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி இருக்கு, எங்க எறங்கலாம்?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும். அவர் "வேண்டாந் தம்பி" என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கரை இன்னும் அமைதியாக இருக்கும், மீன் விலை மட்டும் ஏறியிருக்கும்.

பாய் விரிக்கிற இடத்துக்கு வருவோம். அலை கடைசியாக ஏறிய இடத்தில் சிப்பி, பாசி, தெர்மோகோல் துண்டு, சுள்ளி எல்லாம் ஒரு கோடாகக் கிடக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே குறைந்தது ஐந்தாறு எட்டு தள்ளி இருக்க வேண்டும். இந்தக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஒரு பெரிய அலை பத்தடி கூடுதலாக ஓடி வந்து செருப்பையும் பையையும் எடுத்துப்போவது சகஜம்.

கோரைப் பாய்தான் நல்லது. மணல் இடுக்கு வழியே கீழே போய்விடும், சூடு ஏறாது. படுக்கை விரிப்பு மணலைச் சேர்த்து வைக்கும். பிளாஸ்டிக் பாய் வேர்க்கும், பறக்கும். விரிக்குமுன் இடுப்பும் தோளும் வருகிற இரண்டு இடங்களில் ஒரு கை ஆழத்துக்கு மணலை வழித்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தவர் ஒரு மணி நேரம் தூங்குவார், செய்யாதவர் பத்து நிமிடத்தில் புரளுவார். தலை மேட்டுப் பக்கம், கால் கடல் பக்கம். காற்று பலமாக இருந்தால் மணல் தரையோடு தரையாக, ஒரு சாண் உயரத்துக்குள்தான் ஓடும்; உட்கார்ந்திருந்தால் தெரியாது, படுத்தால் முகத்தில் அடிக்கும். ஈர மணலைக் கொண்டுவந்து கால்மாட்டில் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு கட்டினால் அது நின்றுவிடும்.

மரம் இல்லாத இடத்தில் நிழலைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏழடிக்கு ஐந்தடி, அடர் நிறத்தில், நெருக்கமான நெசவுள்ள போர்வை ஒன்று போதும். வெள்ளை வேட்டி பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் மெல்லிய வெள்ளைத் துணி புற ஊதாக் கதிரை உள்ளே விடும். ஐந்தரை அடி மூங்கில் கம்பு இரண்டை ஒன்றரை அடி ஆழத்துக்கு நட்டு, போர்வையின் நீளமான ஒரு விளிம்பை அவற்றின் தலையில் கட்டுங்கள். இது கடல் பக்கம். மற்ற விளிம்பு தரைப் பக்கம், அதாவது வெயில் பக்கம், தாழ்வாக வர வேண்டும். அங்கே ஆணி அடித்தால் நிற்காது. காய்ந்த மணலில் முளைக்குச்சி எதையும் பிடிக்காது. துணிப்பை இரண்டில் ஐந்து கிலோ அளவுக்கு மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மேலே ஈர மணல் போட்டு மிதித்துவிடுங்கள். கம்புகளுக்கும் கடல் பக்கமாகச் சாய்வாக இதே மாதிரி ஆளுக்கொரு பை.

எல்லாரும் தவறுவது தாழ்ந்த விளிம்பில்தான். இடைவெளி இல்லாமல் தரையோடு ஒட்டக் கட்டிவிடுவார்கள். கடற்காற்று வாய் திறந்த பக்கம் நுழைந்து போக வழியில்லாமல் துணியைப் படகுப் பாய் மாதிரி ஆக்கிவிடும். கம்பு சாயும், பை பிடுங்கும். கீழ் விளிம்புக்கும் மணலுக்கும் நடுவே ஒரு சாண் விட்டால் காற்று உங்கள் மேலே தவழ்ந்து பின்னால் வெளியேறிவிடும். நிழலும் உண்டு, காற்றும் உண்டு. கிழக்குக் கரையின் சலுகை இது. குடை வைத்திருப்பவர்கள் காற்று பலத்தபின் அதை மடக்கிவிடுவது மரியாதை. திரும்பிக்கொண்ட குடையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர் ஒருவராவது எல்லாக் கடற்கரையிலும் இருப்பார்.

நிழலில் இருக்கிறோம் என்று தோலை மறந்துவிடக்கூடாது. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டையும், அலை நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்பும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், கிளம்ப இருபது நிமிடம் முன்பு. இரண்டு மணிக்கொருதரமும் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகும் திரும்ப. தேங்காய் எண்ணெய் இதற்கு மாற்றாகாது. கறுத்துவிடும் என்ற பயத்தில் பூசுகிறவர்கள் முகத்தோடு நிறுத்திவிடுவார்கள்; எரிவது புறங்காலும் காது மடலும் பிடரியும்தான்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நாலு மணி நேரத்துக்கு. ஆள் நடமாட்டமில்லாத கரையில் சுண்டல்காரர் வரமாட்டார். தயிர்சாதத்துக்குப் பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் நாலு மணிக்குப் பதமாக உறைந்திருக்கும். முழுத் தயிரில் பிசைந்தது அதற்குள் புளித்துவிடும். புளிசாதத்துக்குக் கவலையே இல்லை. தட்டு வேண்டாம், மூடியுள்ள தூக்குச் சட்டியிலிருந்தே சாப்பிடுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கடலைப் பார்த்துச் சாப்பிட ஆசையாகத்தான் இருக்கும். இரண்டாவது வாயில் மணல் கடிபடும். வறுத்த மீனைத் திறந்தால் காக்கையும் நாயும் பத்து நிமிடத்தில் சுற்றி உட்கார்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் வழியில் நுங்கு கிடைக்கும், அதை விட்டுவிட்டுக் குளிர்பானம் தேடுவது பாவம். கழிப்பறைக்கு ஊருக்குள்ளேயே போய்விட்டு வாருங்கள், கரையில் எதுவும் இருக்காது. பெண்கள் இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைவலியோடு திரும்புவது நிறைய நடக்கிறது.

தண்ணீரில் இறங்குவது பற்றி நீளமாகத்தான் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரை பல இடங்களில் சரிவானது. முதல் எட்டில் கணுக்கால், மூன்றாவது எட்டில் இடுப்பு. அலை தூரத்தில் உடையாமல் கரையிலேயே விழுந்து உடையும். முழங்கால் தண்ணீரில் சும்மா நிற்கிறவரைக்கூட அது தள்ளும். திரும்பும்போது குதிகால் அடியில் இருக்கிற மணலைப் பறித்துக்கொண்டு போகும். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அலை. அதனால் கடலுக்கு முதுகு காட்டிச் சிரித்துக்கொண்டு படத்துக்கு நிற்பதுதான் இங்கே ஆபத்தான நிலை. பக்கவாட்டில் திரும்பி, காலை அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். குழந்தையை விரலால் பிடிக்காதீர்கள், ஈரத்தில் நழுவும், மணிக்கட்டைப் பிடியுங்கள். புடவை, துப்பட்டா, ஜீன்ஸ் மூன்றும் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காலைச் சுற்றும்.

அலைகள் வரிசையாக உடைகிற இடத்தில் நடுவே ஒரு பத்து மீட்டர் மட்டும் உடையாமல், சமதளமாக, கொஞ்சம் இருண்டு தெரிந்தால் அங்கே இறங்குவதுதான் பத்திரம் என்று கண்ணுக்குத் தோன்றும். அதுதான் இழுப்பு. கரையில் ஏறிய தண்ணீர் எல்லாம் திரும்புகிற வழி அது; கலங்கல் மண்ணும் நுரையும் கடலை நோக்கிப் போவது அங்கே தெரியும். வினாடிக்கு இரண்டு மீட்டர் வரை போகும், நீச்சல் வீரரும் எதிர்த்துப் போக முடியாது. கற்களைக் கொட்டிய தூண்டில் வளைவுகளை ஒட்டி இந்த இழுப்பு நிரந்தரமாகவே இருக்கும்; ஆற்று முகத்துவாரமும் அப்படித்தான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு, கரைக்கு இணையாக, வடக்கோ தெற்கோ நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்தபின் அலையோடு கரை ஏற வேண்டும். மூழ்குகிறவர் சத்தம் போடமாட்டார், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கை கீழே அமுக்கும். நீந்திப் போய்ப் பிடிக்கப் போகிறவரும் சேர்ந்து போவதுதான் வழக்கமாகச் செய்தியில் வருவது. குடித்து முடித்த ஐந்து லிட்டர் கேனை மூடி இறுக்கி, பதினைந்து மீட்டர் கயிற்றில் கட்டி வைத்திருங்கள். கரையிலிருந்தே அதை எறியுங்கள். மூழ்குகிறவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டால் தலை மேலே நிற்கும். கரை சேர்த்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுவது, பிறகு நெஞ்சை அழுத்துவது, ஒருவர் 108-ஐ அழைப்பது.

சொறி மீன் (ஜெல்லி மீன்) கரையில் கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்தால் அன்றைக்குத் தண்ணீரிலும் இருக்கும் என்று அர்த்தம். பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கிற கொட்டும் அணுக்கள் இன்னும் வெடிக்கும். மணலால் தேய்த்தாலும் அப்படித்தான். இழைகளைச் சிமிட்டாவால் எடுத்துவிட்டு வெந்நீர். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ மருத்துவமனைதான்.

ஆவணியிலிருந்து ஐப்பசித் தொடக்கம் வரை வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மாதங்களில் இடி மழை மேற்கிலிருந்து வரும். நீங்களோ கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். கடல் பக்கம் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், பின்னால் கறுத்துக்கொண்டு வருவது தெரியாது. கால் மணிக்கொருதரம் திரும்பிப் பாருங்கள். கடற்காற்று திடீரென்று நின்று, முதுகில் குளிர்ந்த காற்று பட்டால் பையைக் கட்ட வேண்டிய நேரம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் மழை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஊருக்குள் கூரைக்குப் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் திரும்பி வராதீர்கள். ஐப்பசி பிற்பாதி, கார்த்திகையில் கடல் பார்க்கலாம், கால் நனைக்க முடியாது.

கிளம்பும்போது காலில் ஒட்டிய மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் நாலடி நடந்ததும் மறுபடி ஒட்டும். காயவிட்டு, ஒரு பிடி முகப் பவுடரைத் தூவித் தேய்த்தால் ஈரம் போய் மணல் தானே உதிரும். கைபேசிக் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் கீறும், முதலில் ஈரத்துணி. கார் மணலில் இறங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அச்சு வரை புதையும். சக்கரத்தின் முன்னால் மணலை வழித்து, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, கால்மிதியைச் சக்கரத்துக்கடியில் கொடுத்து, மெதுவாக எடுத்தால் ஏறிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலை காற்றைத் திரும்ப அடிப்பது.

நாள் பார்த்து வர முடிகிறவர்களுக்கு ஒரு யோசனை. பௌர்ணமியன்று நிலா ஏறத்தாழ சூரியன் மறைகிற நேரத்தில் கடலிலிருந்து எழும். கிழக்குக் கரைக்கு மட்டும் கிடைக்கிற காட்சி. ஆனால் அதற்கு முந்தின நாள் வருவது இன்னும் உசிதம். நிலா முக்கால் மணி நேரம் முன்னதாகவே, வெளிச்சம் இருக்கும்போதே வெளிறிக்கொண்டு வந்துவிடும். ஆறரைக்குள் அதையும் பார்த்துவிட்டு, மணலில் வழி தெரியும்போதே நடந்து, காரைக்கால் பேருந்தைப் பிடிக்கலாம். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் ஆகிவிட்டால் நிலா எழ எட்டு மணி நெருங்கும். அதற்குள் கொசு எழுந்துவிடும்.